பின்சீட்டைப் பார்த்து வண்டி வாங்குங்கள்

போன மாதம் தம்பி மகன் போன் செய்தான்.

"பெரியப்பா, வண்டி வாங்கலாம்னு இருக்கேன். டீசல், டபுள் கேபின், ஃபோர் வீல். எந்த வண்டி நல்லதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவன் என்னிடம் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த மலையில் ஜீப்பிலேயே அலைந்தவன் நான். ஓட்டியது டிரைவர்தான் என்றாலும், பக்கத்தில் உட்கார்ந்தே வண்டியின் குணம் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதி, வண்டி நின்றுபோய் மழையில் காத்திருந்தபோது தெரிந்துகொண்டது.

மறுநாள் வீட்டுக்கு வந்தான். வந்தவுடன் செல்போனை நீட்டினான். ஒரு பெரிய வண்டி ஆற்றுக்குள் இறங்குகிறது, பாறை மேல் ஏறுகிறது, சேற்றைக் கிளப்பிக்கொண்டு பறக்கிறது. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை படத்திலும் பின்னால் பெட்டி காலி. பின்சீட்டும் காலி.

"இதுல ஒரு மூட்டை காபியாவது ஏத்தினதைக் காட்டு, பாப்போம்" என்றேன். சிரித்தான்.

அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வடகவுஞ்சி பக்கமும் பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கமும் அஞ்சு ஏக்கர், பத்து ஏக்கர் வைத்துக்கொண்டு வண்டி வாங்க யோசிக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் உதவலாம்.

முதலில் பழைய கதை. அது இல்லாமல் நான் சொல்லப்போவது புரியாது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது தோட்டத்தில் விளைந்தது கீழே போக இரண்டே வழிதான். ஒன்று மனுஷன் தலை, இன்னொன்று குதிரை முதுகு. அப்புறம் ஜீப் வந்தது. மஹிந்திரா கம்பெனி 1947லிருந்தே வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் நம் மாதிரி ஊர்களுக்கு அது சர்க்கார் வண்டியாகவும் எஸ்டேட் துரை வண்டியாகவும்தான் முதலில் தெரிந்தது. பிற்பாடு டீசல் ஜீப் மலிந்து, கமாண்டர், மேஜர், மார்ஷல் என்று வந்த பிறகுதான் நாம் ஏறினோம். பியூஜோ டீசல் எஞ்சின் போட்ட ஜீப்பை ஓட்டியவர்களுக்கு அந்தத் தடதட சத்தம் இன்னும் காதில் இருக்கும். வேகம் கிடையாது. ஆனால் ரெண்டாவது கியரில் போட்டுவிட்டால் ஊர்ந்து ஊர்ந்து எந்த ஏற்றமும் ஏறிவிடும்.

அந்த ஜீப்பில் எத்தனை பேர் போனோம் என்று இப்போது சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. உள்ளே பதினைந்து பேர், பின்னால் தொங்கிக்கொண்டு நாலு பேர். அது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜீப்பில் மூட்டை டாப்பில் போகும், ஆட்கள் உள்ளே போவார்கள். நெருக்கியடித்துக்கொண்டுதான், ஆனாலும் தலைக்கு மேல் கூரை, முதுகுக்குத் தகரம், பிடித்துக்கொள்ளக் கம்பி என்று இருந்தது.

1988ல் டாடா மொபைல் வந்தது. 2000க்குப் பிறகு பொலேரோ பிக்கப் வந்து மலை முழுக்கப் பரவியது. சுமை ஏற்ற அதைப்போல வண்டி இல்லை, மறுக்க மாட்டேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு பீன்ஸும் சவ்சவ்வும் விடியற்காலையில் போய்ச் சேர்கிறதென்றால் பிக்கப்பால்தான். பழனி பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழைத் தார் போவதும், பட்டிவீரன்பட்டி காபிக் கியூரிங்குக்கு மூட்டை போவதும் அதில்தான்.

ஆனால் பிக்கப் வந்ததும் ஒரு விஷயம் தலைகீழாக மாறிவிட்டது. அதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்னால் டிரைவர் பக்கத்தில் முதலாளி. பின்பெட்டியில் மூட்டை. மூட்டை மேல் ஆட்கள். ஜீப்பில் ஆட்களுக்கு மேலே மூட்டை போனது. பிக்கப்பில் மூட்டைக்கு மேலே ஆட்கள் போகிறார்கள். வண்டி முன்னேறியது. அதில் போகிற கூலிக்காரர் ஒரு படி பின்னால் போய்விட்டார்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், இருக்கிறது. வருத்தமான யோக்கியதை.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு டிசம்பர் மாதம். காபிப் பழம் பறிக்கும் சமயம். நம் மலையில் பழம் பழுப்பதும் வடகிழக்குப் பருவமழை பெய்வதும் ஒரே நேரத்தில்தான் என்று உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் நாலரை மணி. தோட்டத்திலிருந்து தம்பியின் பிக்கப்பில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் ஒன்பது மூட்டைப் பழம். அதன் மேல் ஆறு பெண்கள். நான் முன்சீட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு.

பெரிய வேகம் இல்லை, இருபதுகூட இருக்காது. ஒரு வளைவில் மண் வழுக்கி வண்டியின் பின்பக்கம் லேசாக ஒதுங்கியது. டிரைவர் சரியாகத்தான் பிடித்தான். ஆனால் ஈரச் சாக்கு ஒன்று நழுவியது. அதன் மேல் உட்கார்ந்திருந்த அக்கா சாக்கோடு சேர்ந்து கீழே போய்விட்டது. இடுப்பு எலும்பு முறிந்தது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதும் அதே பெட்டியில்தான், சாக்குகளைத் தள்ளிவிட்டுப் படுக்க வைத்துக்கொண்டு போனோம். முன்சீட்டில் அந்த அக்காவைப் படுக்க வைக்க முடியாது. வண்டியில் வேறு சீட்டும் இல்லை.

அந்த அக்கா பிழைத்துக்கொண்டது. இப்போதும் நடக்கிறது, ஒரு காலைச் சாய்த்து. காபிச் செடிக்குள் சரிவில் நின்று பறிக்கிற வேலை அதோடு போய்விட்டது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்கும். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வராது.

அப்புறம்தான் இன்சூரன்ஸ் விவகாரம் எனக்குப் புரிந்தது. நிறையப் பேர் "ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கேன், கவலையில்லை" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்த பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002ல் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1994ல் சட்டத்தைத் திருத்தி, சரக்குக்குச் சொந்தக்காரரையும் அவர் அனுப்பும் பிரதிநிதியையும் மட்டும் சேர்த்திருக்கிறார்கள். சுமை ஏற்றி இறக்க வருகிற கூலியாட்கள் கணக்கு வேறு. அதற்குப் பாலிசியில் தனியாகப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும், அதுவும் இத்தனை பேர் என்று எண்ணிக்கை போட்டு. காபி பறித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் ஆறு பெண்கள் இதில் எந்தக் கணக்கில் வருவார்கள்? வழக்கு என்று போனால் வருடக்கணக்காக இழுக்கும். கடைசியில் பணம் வண்டிச் சொந்தக்காரன் வீட்டிலிருந்துதான் போகும். சொந்தக்காரனிடம் இல்லையென்றால் விழுந்தவருக்கு ஒன்றும் இல்லை.

அதனால் தம்பி மகன் "டபுள் கேபின்" என்று சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் அவன் அதை வேறு காரணத்துக்காகக் கேட்டான். பெண்டாட்டி பிள்ளையோடு மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போக வேண்டுமாம். அதுவும் நியாயமான காரணம்தான்.

இந்த மாதிரி வண்டி பிறந்த கதையே அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் இதை "யூட்" என்பார்கள். 1930களில் ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நனையாமல் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போகவும் ஒரே வண்டி வேண்டும் என்று. கார் வாங்கவும் லாரி வாங்கவும் பணம் இல்லை, ரெண்டுக்கும் சேர்த்து ஒன்று கொடுங்கள் என்பதுதான் விஷயம். லூ பேண்ட் என்ற இளைஞர் அதை வரைந்து கொடுக்க, 1934ல் முதல் வண்டி வந்தது. பார்க்கப் போனால் அந்த அம்மாள் கேட்டது ஃபோர் வீலும் இல்லை, பெரிய எஞ்சினும் இல்லை. உள்ளே உட்கார ஒரு மரியாதையான இடம். அதைத்தான் கேட்டார்.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம்.

நம் ஊரில் டபுள் கேபின் என்று வாங்கக் கிடைப்பவை கைவிரலுக்குள் அடங்கும். மஹிந்திரா பொலேரோ கேம்பர். டாடா யோதா க்ரூ கேப். ஆந்திரா ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் 2016லிருந்து செய்கிற இசுசு டி-மேக்ஸில் வேலைக்கான எஸ்-கேப், சொந்த உபயோகத்துக்கான வி-கிராஸ். 2022ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ். இடையில் ஸ்கார்ப்பியோ கெட்அவே என்று ஒன்று வந்து போய்விட்டது. பழைய வண்டி விலைக்கு வரும், நல்ல வண்டிதான், ஆனால் கேபினுக்கும் பெட்டிக்குமான சாமான் கிடைக்க அலைய வேண்டும்.

தம்பி மகன் சொன்ன முதல் காரணம் பவர். ஹைலக்ஸ் 2.8 லிட்டர், 204 குதிரைசக்தி. வி-கிராஸ் 1.9 லிட்டர், 163. கேம்பரோ 2.5 லிட்டர் எஞ்சின் இருந்தும் எண்பதைத் தாண்டுவதே பெரிது. "பாதிகூட இல்லையே பெரியப்பா" என்றான்.

உண்மைதான். ஆனால் நம் ரோட்டில் அந்தக் குதிரைகளை எங்கே ஓட்டுவது? கொடைக்கானலிலிருந்து பழனி 64 கிலோமீட்டர். அதில் நாலாவது கியர் போட இடம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மலையில் வேண்டியது வேகம் இல்லை, இழுவை. அதுவும் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைக்கிற இழுவை. கேம்பரின் 200 நியூட்டன் மீட்டர் இழுவை 1400 சுற்றிலேயே வந்துவிடுகிறது. ஹைலக்ஸில் அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல் என்பதும் சரிதான். சமவெளியில் பெரிய படகை இழுத்துப் போகிறவனுக்கு அது வேண்டும். ஒரு டன் வாழைத்தாரோடு ரெண்டாவது கியரில் ஏறுகிறவனுக்கு இது போதும்.

அதைவிட முக்கியம் நீளம். ஹைலக்ஸும் வி-கிராஸும் ஏறக்குறைய 5.3 மீட்டர். கேம்பர் 4.9 மீட்டருக்குள். ஒன்றரை அடி வித்தியாசம். அகலத்திலும் அரை அடிக்கு மேல் வித்தியாசம். கடையில் நிற்கும்போது இது தெரியாது. மெயின் ரோட்டை விட்டுத் தோட்டத்துப் பாதையில் இறங்கி, கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்பாமல் ரிவர்ஸ் எடுக்க நேரும்போது, பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் அந்த ஒன்றரை அடிதான் இருக்கும்.

அடுத்தது சுமை. இதைக் கேட்டுத் தம்பி மகனே திகைத்துவிட்டான். விலை கூடினால் சுமையும் கூடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. சொந்த உபயோகத்துக்கென்று விற்கும் வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டிலும் ஏட்டில் அனுமதிக்கிற சுமை ஏறக்குறைய அரை டன், இல்லை அதற்கும் குறைவு. கேம்பரிலும் எஸ்-கேப்பிலும் ஒரு டன் பக்கம். வாங்குவதற்கு முன்னால் விளம்பரத் தாளில் படத்தைப் பார்க்காமல் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எடைக் கணக்கைப் பாருங்கள்.

விலையைச் சொல்லவே வேண்டாம். கேம்பர் பத்து லட்சம் பக்கம். வி-கிராஸ் ஃபோர் வீல் ரோட்டுக்கு வரும்போது இருபத்தைந்தைத் தாண்டும். ஹைலக்ஸ் முப்பது லட்சம் பக்கம். காபி விலை நன்றாக இருக்கும் வருடத்தில் வாங்கிவிடலாம். தவணை, காபி விலை விழுகிற வருடத்திலும் வரும்.

பெரிய வண்டிகளைக் குறை சொல்வதே நோக்கம் இல்லை. ஏர்பேக், பிரேக், உள்ளே உட்காரும் சுகம் எல்லாவற்றிலும் அவை முந்தித்தான் நிற்கின்றன. கேம்பரின் பின்சீட் முதுகை நேராக நிமிர்த்தி வைக்கும், பின்னால் பட்டை வில் ஆனதால் காலி வண்டி குதிக்கும். மதுரைக் கல்யாணத்துக்குப் போய் வந்தால் இடுப்பு வலிக்கும். ஆனால் கேம்பர் நின்றுபோனால் பழனியிலும் ஒட்டன்சத்திரத்திலும் வத்தலக்குண்டிலும் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் உண்டு. சாமான் அன்றைக்கே கிடைக்கும். பறிப்பு மாதத்தில் வண்டி நாலு நாள் கம்பெனி ஷெட்டில் நிற்பது எவ்வளவு நஷ்டம் என்று நின்றவனுக்குத் தெரியும்.

எல்லாப் புது டீசலுக்கும் பொதுவான ஒரு விஷயம். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 வந்ததிலிருந்து புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறினால்தான் உள்ளே இருக்கும் கரி எரிந்து சாம்பலாகும். வீட்டிலிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து தோட்டம் என்று ரெண்டு ரெண்டு கிலோமீட்டராக ஓட்டிக்கொண்டிருந்தால் அது சூடேறவே ஏறாது. அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். விளக்கு எரிந்ததும் பதறி எஞ்சினை நிறுத்தாதீர்கள். வாரம் பத்து நாளைக்கு ஒரு தடவை கீழே பழனிக்கு இறங்கும்போது சமவெளி ரோட்டில் அரைமணி நேரம் ஒரே சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். பழைய ஜீப்புக்கு இந்த வம்பே கிடையாது. ஆனால் அது விட்ட புகையைக் குடித்தவர்களும் நாம்தான்.

ஃபோர் வீல் வேண்டுமா? இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கடைசி ரெண்டு கிலோமீட்டர் செம்மண் பாதையாகவும், அது மழையில் களியாகவும் ஆகுமென்றால் வேண்டும். தார் ரோடோ சிமெண்ட் ரோடோ தோட்டம் வரை வந்துவிட்டதென்றால் அந்தப் பணத்தை நல்ல டயரில் போடலாம். பிக்கப் காலியாக இருக்கும்போது பின்சக்கரத்தில் பாரம் இருக்காது, சுற்றிக்கொண்டே நிற்கும். ரெண்டு மூட்டை மணல் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஃபோர் வீல் வாங்குகிறவர்கள், ஏறுவதற்கு மட்டும் இல்லை, இறங்குவதற்கும் அது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லோ கியரில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும், பிரேக் சூடாகாது. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல. இந்த மலையில் எத்தனை வண்டி அப்படிப் பள்ளத்துக்குப் போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஃபோர் வீல் இருந்தால் எங்கும் போகலாம் என்பதும் பொய். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் இந்த மலையையும் புரட்டிப் போட்டது. ரோடு நெடுக மரம் விழுந்து கிடந்தது, மண் சரிந்து கிடந்தது. அன்றைக்கு எந்த ஃபோர் வீலும் மரத்தின் மேல் ஏறிப் போகவில்லை. அரிவாளும் ரம்பமும் கயிறும் கொண்டு இறங்கி நின்ற ஆட்கள்தான் வழி திறந்தார்கள். அவர்களும் பின்பெட்டியில் ஏறித்தான் வந்தார்கள், மழையில் நனைந்துகொண்டு.

வண்டியே போக முடியாத இடத்துக்கு இன்றைக்கும் நம்மிடம் மட்டக்குதிரை இருக்கிறது. சரிவில் கிடக்கும் தோட்டத்திலிருந்து மூட்டையை ரோட்டுக்குக் கொண்டுவர அதைவிட நல்ல வாகனத்தை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. குதிரை செய்கிற வேலைக்காக முப்பது லட்சத்தில் வண்டி வாங்க வேண்டியதில்லை. குதிரை கொண்டுவந்து ரோட்டில் போட்டதை எடுத்துப் போகும் வண்டி போதும்.

இத்தனையும் சொல்லி முடித்தபோது தம்பி மகன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

"பெரியப்பா, டபுள் கேபின்ல பெட்டி ஏறக்குறையப் பாதியாயிடுது. அதே காசுக்கு சிங்கிள் கேபின் பிக்கப் எடுத்தா ரெண்டு மடங்கு ஏத்தலாம். ஆளுங்க எட்டுப் பேர்னா டிரைவரோட சேத்து அஞ்சு சீட்டு எப்படியும் பத்தாது. அப்புறம் எதுக்கு?"

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டோம். அவனுக்கு ஆறு ஏக்கர். வருடத்தில் ஒரு டன்னுக்கு மேல் ஒரே நடையில் போக வேண்டிய நாள் எத்தனை? அவனே யோசித்துச் சொன்னான், பத்துப் பன்னிரண்டு நாள். மிச்ச நாளெல்லாம் நாலு மூட்டை, பத்து தார், உரம், மருந்துத் தெளிப்பான், ஒரு டிரம் தண்ணீர். அந்தப் பன்னிரண்டு நாளைக்கு வாடகைக்குப் பிக்கப் பிடித்துக்கொள்ளலாம். ஊரில் கிடைக்காத பொருளா அது? ஆட்கள் எட்டுப் பேர் என்றால் ரெண்டு நடை. முதல் நடையில் நாலு பேரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்த நாலு பேருக்கு வர வேண்டும். அரைமணி நேரமும் கொஞ்சம் டீசலும் கூடப் போகும். அதைக் கூலிக் கணக்கில் எழுதாமல் வண்டிக் கணக்கில் எழுதிக்கொள்.

அடுத்தது அவன் வாய்விட்டுச் சொல்லாதது. நானே சொன்னேன்.

டபுள் கேபின் வாங்கினவர்கள் நம் பக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் எத்தனை வண்டியில் பின்சீட்டில் வேலையாட்கள் வருகிறார்கள்? சாயங்காலம் ரோட்டோரம் நின்று பாருங்கள். பின்சீட்டில் பை, குடை, டிபன் கேரியர். சீட்டில் கம்பெனிக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கும். ஆட்கள் பழையபடி பின்பெட்டியில் நின்றுகொண்டு. கேட்டால் "அவங்களே அங்கதான் காத்தோட்டமா இருக்குன்னு ஏறிக்கிறாங்க" என்பார்கள். உள்ளே உட்கார்ந்தால் சிலருக்கு வளைவில் தலை சுற்றும், வாந்தி வரும் என்பது உண்மைதான். ஆனால் முழுக் காரணம் அது இல்லை. சேற்றுக் காலோடு, ஈரச் சேலையோடு சீட்டில் உட்கார்ந்தால் முதலாளி முகம் எப்படிப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். யார் யாருக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்ற பழைய கணக்கும் இந்த மலையை விட்டு இன்னும் இறங்கிப் போய்விடவில்லை. நாமாகக் கதவைத் திறந்து "உள்ளே ஏறுங்கம்மா" என்று சொல்லாமல் அவர்களாக ஏற மாட்டார்கள். ஒரு நாள் சொன்னால் போதாது, தினமும் சொல்ல வேண்டும்.

அதனால் என் யோசனை இதுதான். வண்டி பார்க்கப் போகும்போது முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பின்கதவைத் திறந்து ஏறுங்கள். படி உயரம் அறுபது வயது அம்மாள் ஏறுகிற மாதிரி இருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா, முழங்கால் இடிக்கிறதா, பெல்ட் நாலு பேருக்கும் இருக்கிறதா, சீட் துணி ஈரத்துணியால் துடைத்தால் போகிற ரகமா என்று பாருங்கள். அந்தப் பின்சீட்டுக்கு ஆகும் பணத்தில்தான் உங்கள் டபுள் கேபின் இருக்கிறது. அதில் பையை வைப்பதற்காகப் பெட்டியைப் பாதியாக்கிக்கொள்வது வீண் செலவு. அப்படியென்றால் சிங்கிள் கேபினே வாங்கிக்கொண்டு, ஆட்களை ஷேர் ஜீப்பில் காசு கொடுத்து அனுப்பிவிடுங்கள். அதில் தவறில்லை. மூட்டை மேல் மட்டும் ஏற்றாதீர்கள்.

அவன் போய் நாலு நாள் யோசித்தான். கடைசியில் கேம்பரில் ஃபோர் வீல் புக் செய்திருக்கிறான். சரக்கு வண்டிப் பதிவு, மஞ்சள் போர்டு. முதல் எட்டு வருடம் ரெண்டு வருடத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. காட்ட வேண்டும், அதன் பிறகு வருடா வருடம். அலைச்சல்தான், ஆனால் அந்தச் சாக்கில் பிரேக்கையாவது பார்ப்பார்கள். சீட்டுக்குத் துணி உறை வேண்டாம், ரெக்ஸின் போடு என்று அவனே கடையில் சொல்லியிருக்கிறான். அதை என்னிடம் சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை.

வண்டி வந்ததும் முதல் நாள் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, குடும்பத்தோடு பழனிக்குப் போய் வருவார்கள். நல்லது. போய் வரட்டும். நான் பார்க்கக் காத்திருப்பது அந்த நாளை இல்லை. நவம்பர் கடைசியில் முதல் பறிப்பு ஆரம்பிக்கும். மழையும் இருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் ஊர் முக்கில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். வண்டி வரும்போது பின்சீட்டில் யார் இருந்தார்கள், பின்பெட்டியில் என்ன இருந்தது என்று உள்ளது உள்ளபடி இங்கே எழுதுகிறேன்.